கைநோவும் மோட்டார் சைக்கிளும்



இலங்கையிற் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. பஸ் போகாத ஊரிலுள்ள பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியரும், வீடுவீடாகச் சென்று கர்ப்பிணித் தாய்மாரைப் பார்த்துவரும் குடும்பநல உத்தியோகத்தரும், மீன்பெட்டியைப் பின்னாற் கட்டிக்கொண்டு சந்தைக்கு விரையும் வியாபாரியும் இவ்வாகனத்தை நம்பியே தம் கடமையைச் செய்கின்றனர். இவர்களுட் பலர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அந்த வயதில் விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் உளைவு தோன்றுவது அரிதன்று.

உளைவு தோன்றியவர்கள் அதனைப் பெரும்பாலும் வெளியிற் சொல்லுவதில்லை. சொன்னால், “வண்டியை விட்டுவிடுங்கள்” என்று வீட்டார் கூறுவர். வண்டியை விட்டாலோ, தொழில் என்னாவது? எனவே பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னிலும் இறுகப் பற்றி ஓட்டுகின்றனர். அந்த இறுகிய பிடியே நோவை வளர்க்கின்றது என்பதையும், கை செய்யவேண்டிய வேலையைக் குறைப்பதே தக்க பரிகாரம் என்பதையும் இன்று உங்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன். நான் வைத்தியன் அல்லன். கலைகளைப் பயின்று பள்ளிக்கூடம் நடத்துபவன். வைத்தியரிடம் செல்லவேண்டிய இடம் எது, நாமே செய்துகொள்ளக்கூடியது எது என்பதைப் பிரித்துக் காட்டுவதே என் நோக்கம்.

முதலில், மோட்டார் சைக்கிளிலே கைகள் செய்யும் வேலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். வலக்கை கைப்பிடியைத் திருகி வேகத்தைக் கூட்டுகின்றது. அதே கையின் விரல்களே முன்சில்லின் பிறேக்கையும் இழுக்கின்றன. இடக்கையோ, கியர் மாற்றுந்தோறும் கிளச்சை இழுத்து விடுகின்றது. சந்தைக் கூட்டத்தினூடே ஒரு கிலோமீற்றர் செல்வதற்குள் இந்த இழுப்பு எத்தனையோ முறை நிகழும். இவையன்றி, முன்னாற் சாய்ந்திருக்கும் உடம்பின் பாரமும், வீதிப் பள்ளங்களின் குலுக்கலும், எஞ்சினின் அதிர்வும் மணிக்கட்டையே வந்து சேர்கின்றன.

அப்பாரத்தைத் தாங்கும் கையின் அமைப்போ மிக நுட்பமானது. ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டிலே சிறு கற்கள்போல் அடுக்கப்பட்டவை 8; உள்ளங்கையில் 5; விரல்களில் 14. பெருவிரலின் அடிமூட்டு, இரண்டு குதிரைச் சேணங்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கவிழ்த்து வைத்தாற்போல அமைந்தது. அதனாலேதான் பெருவிரல் எல்லாப் பக்கமும் அசைகின்றது. ஆனால் அந்த அசைவுக்கு நாம் ஒரு விலை கொடுக்கின்றோம். பெருவிரலின் நுனியாலும் சுட்டுவிரலின் நுனியாலும் 1 கிலோகிராம் விசையோடு ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், பெருவிரலின் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோகிராம் அழுத்தம் ஏற்படுகின்றது என 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நுனியிற் சிறிதாகத் தோன்றும் பிடி, அடியிலே பன்மடங்காகின்றது. கைப்பிடியைப் பகல் முழுதும் இறுக்கிப் பிடிப்பவருக்கு அந்த இடமே முதலில் நோவது வியப்பன்று.

இனி, நோய் யாது என்று பார்ப்போம். நம் மக்கள் மூட்டுநோவு அனைத்தையும் ‘வாதம்’ என்றோ ‘வாயு’ என்றோ ஒரே பெயரால் அழைத்துவிடுகின்றனர். ஆயினும் அப்பெயருக்குள் வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் மூன்றினை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

முதலாவது, மூட்டுத் தேய்வு. எலும்பு முனைகளை மூடியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு வயது செல்லச் செல்லத் தேய்வதனால் வருவது இது. பெருவிரலின் அடியிலும், விரல் நுனியை அடுத்த மூட்டுகளிலும் இது மிகுதியாகக் காணப்படும். அந்நுனி மூட்டுகளிலே பட்டாணிக்கடலை அளவிற் கெட்டியான புடைப்புகள் தோன்றும். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லியம் ஹெபர்டன் என்னும் ஆங்கில வைத்தியர் இவற்றை விவரித்தமையால், அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. காலையில் விரல்கள் சிறிது விறைத்திருக்கும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இளகிவிடும். வேலை செய்யச் செய்ய நோவு மிகும், ஓய்ந்தால் தணியும்.

இரண்டாவது, மூட்டு அழற்சி வாதம். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதனால் இது உண்டாகின்றது. ஆண்களிலும் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகின்றது. இரு கைகளும் ஒரே வகையில் வீங்கும். விரல் முட்டிகளும் மணிக்கட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ நீடிக்கும். களைப்பும் கூடவே வரும். இந்நோய் தேய்வன்று, எரிந்துகொண்டிருக்கும் நெருப்புப் போன்றது. தொடக்கத்திலேயே மருந்தினால் அடக்கினால் மூட்டு பிழைக்கும். பொறுத்திருந்தால் எலும்பே அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடும்.

மூன்றாவது மூட்டுநோயே அன்று, நரம்பு நெருக்கம். மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள ஒடுங்கிய வழியினூடே செல்லும் நரம்பு நசுங்கும்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். இரவிலே கை மரத்து விழித்துக்கொண்டு, கையை உதறினால் சுகம் காண்பவர்களுக்கு இந்நோய் இருத்தல் கூடும். வண்டியில் மணிக்கட்டை மேல்நோக்கி மடித்துப் பிடிப்பது இதனை வளர்க்கும். மூட்டு வாதமுள்ள மணிக்கட்டிலே வீக்கம் காரணமாக இதுவும் சேர்ந்து வருவதுண்டு.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் நாள்தோறும் பதினெட்டுக் கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளிற் செல்பவர். இரு கைகளும் காலையில் வீங்கியபோது, ‘பனிக்குளிரும் வாயுவும்’ என்று எண்ணி எட்டு மாதம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வகுப்பிலே வெண்கட்டி கையிலிருந்து நழுவத் தொடங்கிய பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றார். இரத்தப் பரிசோதனையின் பின் அழற்சி வாதம் என்று தெரிந்தது. மருந்தினால் வீக்கம் தணிந்தது. ஆயினும் வலது மணிக்கட்டின் அசைவு முழுமையாகத் திரும்பவில்லை. அந்த எட்டு மாதத்தை எவராலும் அவருக்கு மீட்டுக்கொடுத்தல் இயலாது.

ஆதலின், விரல் முட்டிகள் வீங்கி, காலை விறைப்பு நெடுநேரம் நீடித்து, சில வாரங்கள் சென்றும் தணியாதாயின் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம். அங்கிருந்து வாதநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேருமாயின் அன்றைய தினமே செல்லவேண்டும்.

மருந்தைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள். அழற்சி வாதத்துக்குப் பெரிதும் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேற் என்னும் மருந்து வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்வது. தவறி நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நோவு தணிக்கும் குளிசைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்காக விழுங்குதல் இரைப்பையிற் புண்ணையும் சிறுநீரகத்திற் கேட்டையும் உண்டாக்கக்கூடும். கைமூட்டுத் தேய்வுக்கு மேலே பூசும் களிம்பையே வைத்தியர் பெரும்பாலும் முதலிற் கூறுவர். மேலும், தூக்கம் வரச்செய்யும் எந்த மருந்தையும் உட்கொண்டு வண்டியில் ஏறலாகாது.

இனி, வண்டியின் பக்கம் வருவோம். 1918ஆம் ஆண்டில் அலிஸ் ஹமில்ற்றன் என்னும் அமெரிக்கப் பெண் வைத்தியர், இந்தியானா மாநிலத்துச் சுண்ணக்கல் வெட்டுந் தொழிலாளரின் கைகளைப் பரிசோதித்தார். காற்றினால் இயங்கும் சுத்தியலைப் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளிறி மரத்துப்போயின. கருவியின் அதிர்வு, அதனை விடாது இறுக்கிப் பிடித்தல், குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்தே இத்தீங்கைச் செய்வதாக அவர் எழுதினார். அது மூட்டுநோய் அன்று. மோட்டார் சைக்கிளின் அதிர்வும் அவ்வளவு கொடியதன்று. ஆயினும் நோவுள்ள கையோடு வண்டி ஓட்டுபவர் குறைக்கவேண்டியவை அம்மூன்றுமே.

பிடியை எவ்வாறு தளர்த்துவது? பெற்றோல் தாங்கியை முழங்கால்களால் மெல்ல அணைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் பாரத்தை இடுப்பும் கால்களும் தாங்கட்டும். முழங்கைகள் சற்று மடிந்திருக்கட்டும். முழங்கை நிமிர்ந்து இறுகியிருந்தால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக மணிக்கட்டில் இறங்கும். மடிந்திருந்தால் அது வில்போல் வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். கைப்பிடியை, உயிருள்ள சிறு குருவியைப் பிடிப்பதுபோல் பிடித்தாற் போதும்: பறந்துபோகவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இறுகப் பற்றப்பற்ற அதிர்வும் கூடுதலாகக் கைக்குள் ஏறும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அடுத்தது மணிக்கட்டின் கோணம். வண்டியில் அமர்ந்து, பிறேக்கின் மேல் விரல்களை வைத்துப் பாருங்கள். முன்கையும் புறங்கையும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் பிறேக்கின் பிடியும் கிளச்சின் பிடியும் உயரமாகப் பூட்டப்பட்டுள்ளன என்பது பொருள். அவற்றைத் தாங்கும் பட்டிகளின் ஆணியைத் தளர்த்திச் சற்றுக் கீழே திருப்பி இறுக்குவது, திருத்துபவருக்குச் சில நிமிட வேலை. இவ்வளவு சிறிய திருத்தம் நோவைக் குறைக்கக்கூடும் என்றால் நம்புவது அரிது. செய்து பார்த்தவர்கள் நம்புவர்.

கிளச்சைக் கவனியுங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து, உறைக்குள் உராய்ந்துகொண்டிருந்தால் அதனை இழுக்கக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். கம்பிக்கு எண்ணெய் விடுவதோ புதியதாக மாற்றுவதோ பெருஞ்செலவன்று. கிளச்சுப் பிடியின் முனையில் சிறு தளர்வு இருத்தல் வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் அது 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை. உங்கள் வண்டியின் கைந்நூலில் அந்த அளவு குறிக்கப்பட்டிருக்கும். புகையிரதக் கடவையிலே ‘யாழ்தேவி’ கடந்து செல்லும்வரை கியரைப் போட்டபடி கிளச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைக் காண்கின்றோம். கியரை நீக்கிவிட்டு இரு கைகளையும் எடுத்து மடியில் வைத்தால், இரண்டு நிமிட ஓய்வு வீணின்றிக் கிடைக்கும்.

கைப்பிடி மெல்லியதாக இருந்தால் விரல்கள் மிகுதியாக மடங்கவேண்டும். சற்றுத் தடித்த, மென்மையான றப்பர்ப் பிடி பூட்டினால் மூட்டுகளுக்குச் சுகம். ஆனால் இரண்டு காரியங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த பிடியினால் விரல்கள் பிறேக்கை எட்டாமற் போகலாகாது. வலப்பக்கத்தில் திருகி விட்டால் கைப்பிடி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். எங்கேயாவது உரசி நின்றால் உயிராபத்து. அவ்வாறே, மரக்கறிப் பைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் ஹாண்டிலிலே தொங்கவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். அப்பாரத்தைத் திருப்புந்தோறும் தூக்குவது உங்கள் மணிக்கட்டே. ரயரிற் காற்று அளவோடு இருக்கட்டும். எஞ்சினைத் தாங்கும் ஆணிகள் இறுகியிருக்கட்டும்.

வண்டியை மாற்றும் வசதியுள்ளவர்கள் ஒன்றைச் சிந்திக்கலாம். 1958ஆம் ஆண்டில் ஜப்பானிய ஹொண்டா நிறுவனம் ‘சுப்பர் கப்’ என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. உணவுக்கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி மறு கையால் ஓட்டத்தக்கதாக, கையால் இழுக்கும் கிளச்சு இல்லாமலே அது அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து வீதிகளில் ‘எம். டி. 90’ என்று பெயர்பெற்ற வண்டியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கியரே மாற்றவேண்டாத ஸ்கூட்டர்களும் இன்று உள்ளன. கிளச்சினால் நோகும் இடக்கைக்கு இவை பெரும் விடுதலை அளிக்கும். ஆயினும் ஸ்கூட்டரின் சிறிய சில்லுகள் பள்ளத்தில் மிகுதியாகக் குலுங்கும். அதன் பின்பிறேக்கும் பெரும்பாலும் இடக்கையாலேயே பிடிக்கப்படுவது. எனவே உங்கள் கையில் நோவது எந்த மூட்டு, உங்கள் வீதி எத்தகையது என்று பார்த்தே தெரிவு செய்யவேண்டும்.

குளிரைப் பற்றியும் கூறவேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே காலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. சமவெளியிலும் மார்கழி மழைக்காற்று விரல்களை விறைக்கச் செய்யும். புறப்படுமுன் இளஞ்சூடான நீரிலே கைகளைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, விரல்களை மெல்ல மடக்கி விரியுங்கள். காற்றும் மழையும் புகாத கையுறை அணியுங்கள். ஆனால் அது இறுக்கமாக இருந்தால் விரல்களை மடக்குவதே பெரும்பாடாகும். எண்ணெய் பூசும் வழக்கமுள்ளவர்கள் இரவிலே பூசி, காலையிற் சவர்க்காரமிட்டுக் கழுவிவிடுங்கள். எண்ணெய்க் கை பிறேக்கில் வழுக்கும்.

கைக்கு ஓய்வு வேண்டும் என்றேன். அசைவே வேண்டாம் என்று கூறவில்லை. இங்கிலாந்திலே அழற்சி வாதமுள்ள 490 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. முறையாகக் கற்பிக்கப்பட்ட கைப்பயிற்சியைத் தொடர்ந்து செய்தவர்களின் கைத்திறன், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் கைத்திறனிலும் மேம்பட்டது என்பதே அதன் முடிவு. வைத்தியசாலைகளிலுள்ள இயன்மருத்துவரிடம் இப்பயிற்சியைக் கேட்டறியலாம். பெருவிரலைத் தாங்கும் மென்மையான பட்டியும் சிலருக்கு உதவும். மணிக்கட்டை அசையவிடாத கெட்டியான பட்டியோ வீட்டுக்குரியது, வண்டிக்கு உரியதன்று.

நெடுந்தூரம் செல்பவர்கள் அரைமணிக்கொருமுறை நிறுத்துங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் வருபவர் பளையில் ஒருமுறையும் சாவகச்சேரியில் ஒருமுறையும் இறங்கி, கைகளைத் தொங்கவிட்டு உதறி, ஒரு தேநீர் அருந்திவிட்டு ஏறினால், பிந்துவது கால்மணி நேரமே.

நேயர்களே, இதுவரை கூறியவை யாவும் நோவைக் குறைக்கும் வழிகள். இனிக் கூறுவது பிறருடைய உயிரைப் பற்றியது. பிறேக்கைப் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சில்லின்மேற் சாய்கின்றது. எனவே வண்டியை நிறுத்தும் வேலையிற் பெரும்பங்கு முன்பிறேக்கினுடையது. அதனை இழுப்பது வலக்கை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். நோவுக்கு அஞ்சி விரல்கள் ஒரு விநாடி தயங்கினால், அந்த 14 மீற்றருக்குள் ஒரு பாடசாலைப் பிள்ளை வீதியைக் கடக்கலாம்.

ஆகவே, ஒவ்வொரு நாட் காலையும் வண்டியை இயக்குமுன் ஒரு சிறு பரீட்சை செய்யுங்கள். வண்டி நின்றபடியிருக்க, முன்பிறேக்கை முழுவலிமையோடு ஐந்து முறை அடுத்தடுத்து இழுத்துப் பாருங்கள். கிளச்சையும் அவ்வாறே இழுங்கள். பின்னர் பிறேக்கை இழுத்துப் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளுங்கள். சில்லு உருளாமல் நிற்கவேண்டும். ஐந்தாவது இழுப்பும் முதலாவதுபோல் இருந்தால் புறப்படலாம். விரல்கள் பின்வாங்கினாலோ, கை மரத்திருந்தாலோ, பெருவிரல் நழுவினாலோ, அன்றைக்கு வண்டி வீட்டில் நிற்கட்டும். இப்பரீட்சையிலே சலுகைப் புள்ளி வழங்குதல் ஆகாது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் காரியாலயத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைநோவு வெளியே தெரியாத நோவு. முகத்தைப் பார்த்து, “நன்றாகத்தானே இருக்கிறீர்கள்” என்று கூறிவிடுகின்றோம். நோவுகின்றது என்று சொன்னவுடனேயே வண்டியைப் பறிப்பதும், வேலைக்குத் தகுதியற்றவர் என்று முத்திரையிடுவதும், அடுத்தவரை மௌனியாக்கும். அதற்குப் பதிலாக, வீக்கம் மிகுந்த வாரத்திலே பஸ் வரும் நேரத்துக்கு ஏற்ப வேலையை ஒழுங்கு செய்யலாம். அயலிலுள்ள சகபாடி ஒருவர் பின்னால் ஏற்றிச் செல்லலாம். மகனோ மகளோ சந்தைக்குப் போய்வரலாம். நோயைச் சொல்லுவதனால் இழப்பு வராது என்ற நம்பிக்கை இருந்தால், மக்கள் காலத்தோடு சொல்லுவர். காலத்தோடு சொல்லப்பட்ட நோய் பெரும்பாலும் அடங்கும்.

தக்க சிகிச்சையும், சீராகப் பூட்டிய பிடியும், தளர்ந்த கையும் உள்ளவர்கள் மூட்டுநோயோடும் பல்லாண்டுகள் பாதுகாப்பாக வண்டி ஓட்டலாம். இன்று மாலை உங்கள் வண்டியருகே சென்று, பிறேக்கின்மேல் விரல்களை வைத்து, மணிக்கட்டு நேராக இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையெனில் நாளைக்கே திருத்துபவரிடம் கொண்டு செல்லுங்கள். விரல் முட்டிகள் வீங்கியிருக்குமாயின், அதற்கு முன்னரே வைத்தியரிடம் செல்லுங்கள்.